செப்புக் குழாயின் பற்றாசு மூட்டு திரும்பத் திரும்ப ஒழுகுவது ஏன்?

கொக்குவில் வீட்டுக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் மேல்தட்டில் உள்ள சூரிய வெப்பச் சுடுநீர்த் தொகுதியிலிருந்து குளியலறைக்கும் சமையலறைக்கும் 15 மில்லிமீற்றர் செப்புக் குழாய் இறங்கி வருகிறது. வீடு கட்டப்பட்டபோது இலண்டனில் வசிக்கும் சித்தப்பா குழாயையும் மூட்டுகளையும் அங்கிருந்தே பெட்டியில் அனுப்பிவைத்தார். குளியலறைச் சுவருக்கு வெளியே குழாய் திரும்பும் இடத்திலுள்ள முழங்கை மூட்டில் நீர் துளித்துளியாகக் கசிகிறது. திருத்த வந்தவர் மூட்டின் வெளிப்புறத்தைச் சூடாக்கி, அதன் மேல் பற்றாசை, அதாவது உலோகங்களைப் பற்றவைக்கும் வெள்ளீயக் கலவையை, உருக்கி ஊற்றிப் பெரிய உருண்டையாக விட்டுச் சென்றார். சிறிது காலம் காய்ந்திருந்த மூட்டு மறுபடியும் கசிந்தது. மறுபடியும் அதே வைத்தியம், மறுபடியும் அதே கசிவு. இப்போது மூட்டைச் சுற்றிப் பச்சை நிறப் படிவு ஏறியிருக்கிறது. தாங்கிக்குக் கீழே உள்ள கேற் வால்வை முழுவதும் இறுக்கினாலும் திறந்த பைப்பில் மெல்லிய நூலாக நீர் வந்துகொண்டே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டின் மேல் எபொக்சிப் பசை பூசலாமா, அல்லது செப்பு முழுவதையும் கழற்றிவிட்டுப் பிளாஸ்ரிக் போடுவதுதான் வழியா?

பழைய குழாய்க்காரர் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. உங்கள் கேள்விக்குரிய விடை நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்த மெல்லிய நூல் நீரிலேயே இருக்கிறது.

பற்றாசு மூட்டு நீரைத் தாங்குவது வெளியே தெரியும் உருண்டையால் அன்று. குழாயின் வெளிச்சுவருக்கும் மூட்டின் உட்சுவருக்கும் இடையே தலைமயிர் அளவிலான இடைவெளி உண்டு. உருகிய பற்றாசு மயிர்த்துளைத்தன்மையால் அந்த இடைவெளிக்குள் இழுக்கப்பட்டு, மூட்டின் ஆழம் முழுவதையும் நிரப்ப வேண்டும். அது நடைபெறச் செப்பின் இரு முகங்களும் பற்றாசு உருகும் வெப்பநிலையைத் தாண்டிச் சூடாக வேண்டும். ஈயம் கலவாத பற்றாசுக்கு அது ஏறக்குறைய 227 பாகை செல்சியஸ். ஆனால் குழாய்க்குள் ஒரு கரண்டி நீர் இருந்தாலும், அந்த நீர் கொதித்து ஆவியாகி முடியும் வரை அவ்விடம் 100 பாகையைத் தாண்டி மேலே போகாது. நீர் வந்துகொண்டே இருந்தால் அது ஒருபோதும் முடியாது. எவ்வளவு நேரம் சுவாலை பிடித்தாலும் உட்பக்கம் குளிர்ந்தே இருக்கும். வெளிவிளிம்பு மட்டும் சூடேறிப் பற்றாசு அங்கேயே உறைந்துவிடும். அத்துடன் எழும் நீராவி உருகிய பற்றாசைத் துளைத்துக்கொண்டு வெளியேறி, கண்ணுக்குப் புலப்படாத துவாரங்களை விட்டுச் செல்லும். முதலில் காய்ந்திருந்து பின்னர் கசிவது இப்படித்தான்.

ஆகவே முதலாவது வேலை மூட்டில் இல்லை, கேற் வால்விலேயே இருக்கிறது. நம்முடைய கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். கேற் வால்வின் தகடு இறங்கி அமரும் பள்ளத்தில் அது படிந்துவிட்டால் எத்தனை இறுக்கினாலும் தகடு முழுமையாக அமராது. தாங்கியை வெறுமையாக்கி, அவ்விடத்தில் பந்து வால்வு ஒன்றைப் போட்டுவிடுங்கள். பிறகு குளியலறை, சமையலறைப் பைப்புகளைத் திறந்து குழாயிலுள்ள நீரை வடித்துவிடுங்கள். குழாய் தாழ்ந்து வளைந்த இடங்களில் எஞ்சும் நீரை, அந்த மூட்டைக் கழற்றிய பின் வாயால் அல்லது சைக்கிள் பம்பினால் ஊதி வெளியேற்றலாம்.

பழைய மூட்டின் மேல் மீண்டும் பற்றாசு வைப்பதில் பயன் இல்லை. உள்ளே நீரும் களிம்பும் புகுந்துவிட்ட இடைவெளியைப் பற்றாசு பற்றாது. முழங்கையின் இருபுறமும் சில அங்குலம் விட்டு வெட்டி எடுத்துவிட்டு, புதிய முழங்கையும் புதிய குழாய்த் துண்டுகளும் வைக்க வேண்டும். வெட்டுவதற்குச் சக்கர வெட்டியே நல்லது. இரும்பறுக்கும் வாளால் அறுத்தால் வாய் சரிந்துவிடும். எதனால் வெட்டினாலும் உள்வாயில் எழும் பிசிரை அரத்தால் நீக்குங்கள். பிசிரை அப்படியே விட்டால் நீர் அதில் மோதிச் சுழன்று, அடுத்துள்ள செப்புச் சுவரைக் காலப்போக்கில் அரித்து ஊசித் துவாரம் போட்டுவிடும்.

இனித் துப்புரவு. இதிலேதான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். குழாய் முனையை நுண்ணிய அரத்தாளால் தேய்த்து, புதுச் சதத்தைப் போல் இளஞ்சிவப்பாக மினுங்கச் செய்ய வேண்டும். மூட்டின் உட்புறத்தையும் சிறு கம்பித் தூரிகையால் அதே அளவுக்குத் தேய்க்க வேண்டும். தேய்த்த இடத்தை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசையே பற்றாசை விலக்கும். உடனடியாக, பற்றாசு செப்பில் ஒட்ட உதவும் பிளக்ஸ் பசையை மெல்லியதாகக் குழாயில் தடவி, மூட்டுக்குள் முட்டும் வரை செருகி, அரைச் சுற்றுத் திருப்பி, வழிந்ததைத் துடையுங்கள்.

சுவாலையை மூட்டின் மீது பிடியுங்கள், பற்றாசின் மீது அல்ல. பிளக்ஸ் பொரிந்து தெளிந்ததும், சுவாலை படாத எதிர்ப்பக்கத்தில் பற்றாசுக் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். செப்பின் சூட்டினாலேயே அது உருகினால் வேளை வந்துவிட்டது என்று பொருள். சுவாலையை அகற்றிவிட்டுக் கம்பியை ஊட்டுங்கள். 15 மில்லிமீற்றர் குழாயின் ஒரு வாய்க்கு ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் நீளமுள்ள கம்பி போதுமானது. சுற்றிலும் வெள்ளி வளையம் தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஊற்றுவது குழாய்க்குள் இறங்கிக் கட்டியாகும். குழாய் தானாக ஆறும் வரை அசைக்கவோ நீர் ஊற்றவோ வேண்டாம். ஆறிய பின் ஈரத்துணியால் பிளக்ஸைத் துடைத்துவிடுங்கள். நீங்கள் காணும் பச்சைப் படிவில் ஒரு பகுதி துடைக்காமல் விட்ட பிளக்ஸின் அமிலத்தால் வந்ததாகவும் இருக்கலாம்.

எபொக்சிப் பசை ஓர் இரவுக்கான தற்காலிக ஏற்பாடு மட்டுமே. சுடுநீர்க் குழாய் நாள்தோறும் நீண்டு சுருங்குவதால் அது உரிந்துவிடும்.

ஏழாலைக் கட்டடக்காரன் எழுதியது:

ஐயா சொல்லும் முறையில் குறை காண நான் வரவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இந்த வேலையை அந்த நிதானத்தோடு செய்யக்கூடியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நம் ஊர்க் குழாய் வேலைக்காரர்கள் பி.வி.சி. குழாயில் கைதேர்ந்தவர்கள், செப்பு அவர்களுக்கு எப்போதாவது வரும் வேலை. நான் கட்டும் வீடுகளில் சுடுநீருக்குப் பி.பி.ஆர். எனப்படும் பிளாஸ்ரிக் குழாயையே போடுகிறேன். 260 பாகைக்குச் சூடாக்கிய அச்சில் குழாயையும் மூட்டையும் சில வினாடிகள் வைத்து அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பிளக்ஸ் இல்லை, சுவாலை இல்லை, களவுபோகும் பயமும் இல்லை. அக்கா செப்பைக் கழற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

பழைய குழாய்க்காரர் எழுதியது:

தம்பி, குளிர்நீருக்கும் மின்சாரக் கீசருக்கும் நீங்கள் சொல்வதை முழு மனத்தோடு ஏற்கிறேன். சூரியத் தொகுதி வேறு விடயம். பங்குனி, சித்திரை வெயிலில் வீட்டார் வெளியூர் சென்று நீர் பாவிக்காமல் இருந்தால், அந்தத் தாங்கியின் நீர் 90 பாகையைத் தாண்டவும் கூடும். பி.பி.ஆர். குழாய் நீண்ட காலத்துக்கு ஏறத்தாழ 70 பாகையைக் கருதியே செய்யப்படுகிறது. அதற்கு மேலான சூட்டைக் குறுகிய நேரத்துக்கே தாங்கும். சாதாரணப் பி.வி.சி. 60 பாகையிலேயே இளகிவிடும். எனவே தாங்கியின் வாயிலிருந்து முதற் பகுதியேனும் உலோகமாக இருக்கட்டும். பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய நல்ல செப்பு சுவரில் இருக்கும்போது, ஒரு முழங்கைக்காக அதனை முழுவதும் பிடுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுவாலை பிடிக்கவே முடியாத இடங்களுக்கு, அல்லது நீர் நூலை நிறுத்தவே முடியாத வீடுகளுக்கு, பித்தளை இறுக்கு மூட்டு இருக்கிறது. மரையையும் வளையத்தையும் குழாயில் ஏற்றி, கையால் இறுகும் வரை திருகி, பிறகு சாவியால் முக்காற் சுற்று முதல் ஒரு சுற்று வரை திருப்பினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் வளையம் குழாயை நசுக்கி, ஒழுக்கு கூடவே செய்யும்.

இரசாயன ஆசிரியை எழுதியது:

அக்கா, உங்கள் வீட்டில் ஊற்றப்பட்ட பற்றாசு எந்த வகை? இதை ஒருவரும் கேட்காததால் கேட்கிறேன். வானொலி, தொலைக்காட்சி திருத்தும் கடைகளில் கிடைக்கும் மெல்லிய கம்பியில் பெரும்பாலும் வெள்ளீயம் 60 பங்கும் ஈயம் 40 பங்கும் இருக்கும். அது 183 பாகையிலேயே உருகத் தொடங்குவதால் வேலை செய்பவர்களுக்கு இலகு, விலையும் குறைவு. ஆனால் குடிநீர் ஓடும் குழாய்க்கு அது கூடவே கூடாது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டே குடிநீர்க் குழாய்களில் ஈயப் பற்றாசு தடைசெய்யப்பட்டது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் ஈயம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் தற்காலிக வழிகாட்டு எல்லை. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. அதனை நீரின் சுவையாலோ நிறத்தாலோ அறிய முடியாது.

சுடுநீர் ஈயத்தை இன்னும் விரைவாகக் கரைக்கும். ஆகவே அந்த மூட்டு மாற்றப்படும் வரை, சமையலறைச் சுடுநீர்ப் பைப்பில் பிடித்த நீரைத் தேநீருக்கோ பால்மா கரைப்பதற்கோ பயன்படுத்த வேண்டாம். புதிய கம்பியை வாங்கும்போது சுற்றில் ஈயம் இல்லை என்று அச்சிடப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள். வெள்ளீயத்துடன் சிறிதளவு செப்பு அல்லது வெள்ளி கலந்த வகைகளே நீர்க்குழாய்க்கு உரியவை.

யாழ்ப்பாணத்து நீரைப் பற்றியும் ஒரு சொல். நம் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் இருக்கிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு குழாயின் உட்சுவரிலும் மெல்லிய போர்வையாகப் படிந்து உலோகத்தை ஓரளவு மூடிவைக்கிறது. கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறும்போது குளோரைட்டு அந்தப் போர்வையைக் குலைத்து, செப்பில் ஊசித் துவாரங்கள் விழ வழிசெய்கிறது. தாளையடியில் 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவுடைய கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்திலிருந்து நீர் பெறும் வீடுகளும் இப்போது உள்ளன. கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்த நீரில் கனிமம் குறைவு. அத்தகைய நீர் உலோகத்தைக் கரைக்கும் இயல்புடையது என்பதால், சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்த்து அனுப்புவதே உலக வழக்கம். நீரின் மூலம் மாறக்கூடிய இக்காலத்தில், குழாயில் ஈயம் இருக்கவே கூடாது என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரொறன்ரோ மருமகன் எழுதியது:

அக்கா, புதிய முழங்கை வாங்குமுன் அளவைச் சரிபாருங்கள். பிரித்தானியாவில் 15 மில்லிமீற்றர் என்பது குழாயின் வெளிவிட்டம். இங்கே கனடாவில் அரை அங்குலக் குழாய் என்று விற்பதன் வெளிவிட்டம் எட்டில் ஐந்து அங்குலம், அதாவது ஏறக்குறைய 15.9 மில்லிமீற்றர். கையில் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இலண்டன் குழாயைக் கனடா மூட்டுக்குள் செருகினால் அது தளர்வாக ஆடும். அந்த அகன்ற இடைவெளியில் மயிர்த்துளைத்தன்மை வேலை செய்யாது. எங்கள் மாமா வீடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறது. இரு நாட்டு உறவினரும் அனுப்பிய பொருட்கள் அங்கு ஒரே பெட்டியில் கலந்திருந்ததைக் கண்டதால் சொல்கிறேன்.

மரைகளிலும் இதே சிக்கல் உண்டு. இலங்கையில் பாவனையில் உள்ளது பிரித்தானிய மரை. அதன் பற்கோணம் 55 பாகை. வட அமெரிக்க மரைக்கு 60 பாகை. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 பற்கள் இருப்பதால், ஒன்றோடொன்று சில சுற்றுகள் நன்றாகவே ஏறும். ஆனால் ரெப்லோன் நாடாவை எவ்வளவு சுற்றினாலும் காலப்போக்கில் கசியும். இங்கிருந்து பைப்போ வால்வோ அனுப்பும் உறவினர்கள் தயவுசெய்து இதனைக் கவனியுங்கள்.

குளிரூட்டி திருத்துநர் எழுதியது:

நான் யாழ் நகரில் குளிரூட்டி வேலை செய்பவன். செப்பை இணைக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லை என்று ஏழாலை அண்ணா எழுதியதற்கு ஒரு பதில். குளிரூட்டியின் குழாய்கள் எல்லாம் செப்புத்தான். ஆகவே எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குச் சுவாலை பிடிக்கும் கை உண்டு. ஆனால் நாங்கள் செய்வது வன்பற்றாசு. செப்பும் பொசுபரசும் கலந்த கோலை 700 பாகைக்கு மேல் உருக்கி இணைக்கிறோம். கஸ்தூரியார் வீதிப் பொற்கொல்லர்கள் வெண்காரம் இட்டு ஆபரணம் பற்றவைப்பதும் இந்த வகையையே சேர்ந்தது. செப்புக்கும் செப்புக்கும் இந்தக் கோல் பிளக்ஸ் இல்லாமலே பற்றும். பித்தளை வால்வு என்றால் பிளக்ஸ் வேண்டும். வீட்டு நீர்க்குழாய்க்கு இந்த அளவு சூடு தேவையில்லை. அதிக சூட்டில் செப்பு இளகி மென்மையாகிவிடும். அருகிலுள்ள வால்வின் இறப்பர் வளையமும் கருகிவிடும். எங்களில் ஒருவரை அழைத்தால், மென்பற்றாசே வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தீயைப் பற்றி எவரும் எழுதவில்லை. கூரையில் பனஞ்சலாகையும் கைமரமும் உள்ள பழைய வீடுகளிலும், சுவரை ஒட்டிக் கிடுகு வேலி உள்ள வீடுகளிலும் காஸ் ரோச் பிடிப்பது சாதாரண காரியமன்று. பின்புறத்தில் ஒரு தகரத் துண்டை மறைப்பாக வையுங்கள், சுற்றிலும் ஈரச்சாக்கைப் போடுங்கள், வாளியில் நீரும் வைத்திருங்கள். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கே நிற்க வேண்டும். மரத்துக்குள் புகைந்துகொண்டிருக்கும் பொறி உடனே தெரியாது.

கொக்குவில் வீட்டுக்காரி எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி பந்து வால்வைப் போட்ட பின்னர், குளிரூட்டி வேலை தெரிந்த ஒருவரை அழைத்து மூட்டை வெட்டி எடுத்தோம். அதை நீளவாட்டில் அறுத்துப் பார்த்தபோது, வெளிவிளிம்பில் மட்டும் பற்றாசு வளையமாக நின்றது. உள்ளே செப்பு கறுத்து, ஈரமும் களிம்புமாக இருந்தது. ஊற்றிய கம்பி வானொலிக் கடையில் வாங்கியது என்பதும் தெரியவந்தது. ஆசிரியையின் எச்சரிக்கைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பந்து வால்வு போட்ட பின்னும் மேலேயுள்ள வளைவிலிருந்து ஒன்றிரண்டு துளி இறங்கிக்கொண்டிருந்தது. வந்தவர் பாணின் கரையை நீக்கி, வெள்ளைப் பகுதியைப் பிசைந்து குழாய்க்குள் சற்று ஆழமாகத் தள்ளினார். அது நீரைத் தடுத்து நிற்க, அவர் ஆறுதலாக வேலையை முடித்தார். இப்போது மூட்டு முழுவதும் காய்ந்திருக்கிறது. இன்னொரு சந்தேகம்: சுவருக்குள் பூசப்பட்டிருக்கும் குழாயிலும் இதே போன்ற மூட்டுகள் இருக்கின்றன. அங்கே ஒழுக்கு உண்டா என்பதை இடிக்காமல் எப்படி அறிவது?

பழைய குழாய்க்காரர் எழுதியது:

பாண் நல்ல உபாயம்தான். ஆனால் நீரைத் திறக்குமுன் மழைக்குழாயின் தலையையும் பைப் வாயிலுள்ள வலையையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கரைந்த பாண் அவற்றில் போய் அடைத்துக்கொள்ளும்.

சுவருக்குள் உள்ளதை அறியும் வழி இதுதான். இரவில் எல்லாப் பைப்புகளையும் மூடி, கிணற்று மோட்டரையும் நிறுத்தி, தாங்கியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். சுடுநீர் வால்வு திறந்திருக்கையில் காலையில் மட்டம் குறைந்து, அதை மூடி வைத்த அடுத்த இரவில் குறையாவிட்டால், ஒழுக்கு சுடுநீர்ப் பகுதியிலேயே இருக்கிறது. சுவரில் சுண்ணாம்பு பூத்துப் பூச்சு உப்பியிருக்கும் இடம் பெரும்பாலும் ஒழுக்குக்குக் கீழே இருக்கும். எனவே இடிக்க வேண்டி வந்தால் அதற்குச் சற்று மேலிருந்து தொடங்குங்கள்.

சுவருக்குள் செப்பை வைப்பதில் இன்னொரு காரியமும் உண்டு. 10 மீற்றர் நீளமான செப்புக் குழாய் 50 பாகை சூடேறினால் 8.5 மில்லிமீற்றர் நீளும். அதைச் சீமெந்தால் இறுகப் பூசிவிட்டால் நீள இடமின்றி மூட்டுகளையே இழுக்கும். புதிதாக வைக்கும் பகுதிக்கு நுரை உறை போட்டுப் பின் பூசச் சொல்லுங்கள். உறை சூட்டையும் காக்கும், பூச்சிலுள்ள உப்பு செப்பைத் தொடாமலும் காக்கும். செப்புக்குப் பின் எங்கேனும் பழைய நாகமுலாமிட்ட இரும்புக் குழாய் தொடர்கிறதா என்பதையும் பாருங்கள். செப்பின் வழியாக வரும் நீர் இரும்புக் குழாயை விரைவில் அரித்துவிடும். இரும்பு முன்னும் செப்பு பின்னுமாக நீர் ஓடினால் அந்தத் தொல்லை இல்லை.

பருத்தித்துறை வாசி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி, ஐயா. எங்கள் வீட்டில் மோட்டர் அமுக்கத்தில் இயங்கும் 50 லீற்றர் மின்சாரக் கீசர் இருக்கிறது. நீர் சூடாகும்போதெல்லாம் அதன் பக்கத்திலுள்ள சிறிய பித்தளை வால்விலிருந்து நீர் சொட்டுகிறது. ஆறிய பின் நின்றுவிடுகிறது. அதன் வாயைப் பற்றாசு வைத்து அடைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பழைய குழாய்க்காரர் எழுதியது:

எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அது ஒழுக்கு அன்று. அமுக்கத்தை விடுவிக்கும் வால்வு தன் கடமையைச் செய்கிறது. 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாகும் 50 லீற்றர் நீர், அரை லீற்றரைவிடச் சற்று அதிகமாக விரியும். உள்வரும் குழாயில் நீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு இருப்பதால், அந்த மேலதிக நீருக்கு வேறு வழி இல்லை. வாயை அடைத்துவிட்டு, வெப்பக் கட்டுப்படுத்தியும் ஒருநாள் பழுதானால் தாங்கி வெடிக்கும். சொட்டும் வாயில் ஒரு சிறு குழாயை மாட்டி, வாய் திறந்திருக்க, கீழ்நோக்கி வடிகாலுக்கு விடுங்கள். ஆறிய பின்னரும் இடைவிடாது சொட்டினால் மட்டும் வால்வில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். அப்போது மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறிய பின் அதன் நெம்பை ஓரிரு முறை தூக்கி விட்டுப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால், அதே அமுக்க அளவு பொறிக்கப்பட்ட புதிய வால்வை வாங்கி மாற்றுங்கள்.